குழறும் பேச்சை எப்படிக் கேட்பது, எப்படித் திருத்துவது: புதிதாக வேலைக்கு வரும் ஸ்பீச் தெரபிஸ்டுகளுக்கு

நியூரோ ஓ.பி.யிலிருந்து நம் அறைக்கு வரும் சீட்டில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "பேச்சு குழறல், ஸ்பீச் தெரபிக்கு." அந்த வரியோடு வருகிறவர் போன வாரம் பக்கவாதம் வந்தவராக இருக்கலாம். ஆறேழு வருஷமாகப் பார்கின்சன் மாத்திரை சாப்பிடுகிறவராக இருக்கலாம். இன்னும் பெயர் வைக்கப்படாத நோயின் முதல் அறிகுறியாகப் பேச்சு மாறத் தொடங்கியவராகவும் இருக்கலாம். மூவருக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

நான் திருநெல்வேலிப் பக்கம் இந்த வேலை பார்க்கிறேன். படிப்பு முடித்து வருகிற தம்பி தங்கைகள் இரண்டு இடத்தில் திணறுவதைப் பார்க்கிறேன். மதிப்பீட்டுப் படிவத்தை ஒரு கட்டம் விடாமல் நிரப்பிவிட்டு, "அடுத்து என்ன செய்யணும் அக்கா?" என்று கேட்பார்கள். அல்லது யார் வந்தாலும் நாக்கை நீட்டு, கன்னத்தை ஊது என்று பயிற்சியில் இறக்கிவிடுவார்கள். இந்த மனிதரின் பேச்சில் எதை மாற்றினால் அடுத்தவருக்குப் புரியும் என்று கண்டுபிடிக்கத்தான் மதிப்பீடு. அந்த மாற்றத்தைப் பேச வைத்தே பழக்குவதுதான் சிகிச்சை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டார்ச்சுக்கு முன்னால் காது

முதல் ஐந்து நிமிடம் வாய்க்குள் எதையும் பார்க்காதீர்கள். பேச விடுங்கள். "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்பதோடு முடிந்துவிடும். எங்கள் ஊர் அம்மாக்களிடம் நான் "சொதி எப்படி வைப்பீங்க?" என்று கேட்பேன். தேங்காய்ப்பால் எடுப்பதிலிருந்து இஞ்சிப் பச்சடி வரை சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் மூச்சு, குரல், வேகம், மூக்கொலி எல்லாம் காதில் விழுந்துவிடும். விவசாயி என்றால் வயலில் இப்போது என்ன போட்டிருக்கிறது, ஓட்டுநர் என்றால் எந்த ரூட் ஓட்டினார். பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். எழுத்துத் தமிழை வாசிக்கும்போது எல்லோரும் நிதானமாகி, உச்சரிப்பில் கவனம் வைப்பார்கள். வீட்டில் பேசும்போது இருக்கும் குழறல் அங்கே பாதி மறைந்துபோகும்.

போனில் பதிவு செய்யுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, வாயிலிருந்து ஒரே தூரத்தில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் போனை வையுங்கள். தேதியோடு, பார்கின்சன் என்றால் கடைசி மாத்திரை எப்போது போட்டார் என்பதையும் எழுதுங்கள். மாத்திரை வேலை செய்யும் நேரத்துப் பேச்சையும் அது தேய்ந்த நேரத்துப் பேச்சையும் ஒப்பிட்டு "முன்னேற்றம்" என்று எழுதினால் அதில் உண்மை இருக்காது.

கூட வந்தவரிடம் முன்பு எப்படிப் பேசுவார் என்று கேளுங்கள். ழகரத்தை ளகரமாகவே வாழ்நாள் முழுக்கச் சொன்னவருக்கு அதைப் பிழையாகக் குறித்தால், இல்லாத நோய்க்கு மதிப்பெண் போட்டதாகிவிடும். பல் செட்டு புதிதா, காது கேட்கிறதா, சின்ன வயதிலிருந்தே திக்குவாரா என்பதையும் கேளுங்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை அடக்குகிறவர்களுக்கு வாயின் உட்புறச் சவ்வு நார்நாராக இறுகி, வாய் இரண்டு விரல்கூடத் திறக்காமல் போயிருக்கும். அதனால் வரும் குழறலுக்கு மூளையில் காரணம் தேடக் கூடாது. பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

எப்படி ஆரம்பித்தது என்பது முக்கியம். திடீரென வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா, நாளுக்குள்ளேயே ஏறி இறங்குகிறதா? "காலையில நல்லாத்தான் பேசுதாக, சாயங்காலமானா மூக்கால பேசுதாக" என்று சொன்னால் அங்கேயே நில்லுங்கள். ஒன்றிலிருந்து நூறு வரை நிறுத்தாமல் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். போகப் போக மூக்கொலி ஏறி, எழுத்துகள் மழுங்கி, கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் திரும்பத் தெளிகிறதென்றால் மயஸ்தீனியா சந்தேகம், பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை சோர்ந்துபோகும் நோய் அது. அன்றைக்கே நியூராலஜிஸ்டிடம் பேசுங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் அவசரப் பிரிவு. இளம் வயதுப் பிள்ளைக்கு மெதுவான குழறல், எச்சில் வடிதல், கை நடுக்கம் மூன்றும் சேர்ந்து வந்தால் வில்சன் நோயை விலக்கச் சொல்லி எழுதுங்கள். செம்பு கல்லீரலிலும் மூளையிலும் சேரும் நோய் அது. மருந்து உண்டு, சீக்கிரம் பிடித்தால் பலன் அதிகம்.

வாய்க்குள் பார்ப்பது

நாக்கை முதலில் வாய்க்குள்ளேயே, அசையாமல் கிடக்கும்போது பாருங்கள். நீட்டிய நாக்கு யாருக்கும் கொஞ்சம் துடிக்கும். உள்ளே சும்மா கிடக்கும் நாக்கில் புழு நெளிவதுபோல் துடிப்பும் மெலிவும் தெரிந்தால் அது நரம்பே பாதிக்கப்பட்டதைக் காட்டும். நீட்டும்போது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் பலம் குறைவு. முகத்தின் கீழ்ப்பாதி மட்டும் தொங்கினால் கோளாறு மேலே, மூளையில். நெற்றியும் சேர்ந்து போனால் முகநரம்பில். "ஆ" சொல்லும்போது மெல்லண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்க மென்பகுதி, இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறுகிறதா? இருமச் சொன்னால் வெட்டென்று வருகிறதா, காற்றாகப் போகிறதா? இருமல் தளர்ந்திருந்தால் விழுங்குவதையும் அன்றே சோதியுங்கள். பேச்சுக்கு வந்தவர் நிமோனியாவில் அட்மிட் ஆகக் கூடாது.

மூச்சழுத்தத்துக்குப் பெரிய கருவி வேண்டாம். உயரமான டம்ளரில் தண்ணீர், ஒரு ஸ்ட்ரா, நுனியிலிருந்து 5 சென்டிமீட்டரில் ஒரு கோடு. அந்தக் கோடு வரை முக்கி 5 விநாடி தொடர்ந்து குமிழி விட முடிந்தால் பேச்சுக்கு வேண்டிய அழுத்தம் இருக்கிறது. உதடு மூடாதவருக்கும் மூக்கில் காற்றுக் கசிகிறவருக்கும் இது ஏமாற்றும். உதட்டையும் மூக்கையும் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

அடுத்தது "ஆ"வை இழுப்பது. ஆரோக்கியமான பெரியவர் 15 விநாடிக்கு மேல் இழுப்பார், வயதானால் குறையும். நொடியைவிடக் குரலின் தன்மைதான் எனக்கு முக்கியம். பிறகு ப, த, க மூன்றையும் தனித்தனியே வேகமாகத் திரும்பத் திரும்ப, கடைசியில் மூன்றையும் சேர்த்து. விநாடிக்கு 5 முதல் 7 முறை வரும். க சற்று மெதுவாக இருக்கும். இதை எழுதிக் காட்டாதீர்கள். "பதக" என்று எழுதினால் தமிழ் வாசிக்கிறவர் நடு எழுத்துகளை மென்மையாக்கித்தான் வாசிப்பார், நம் மொழியின் இயல்பு அது. உங்கள் வாயால் சொல்லிக் காட்டி, அதேபோல் சொல்ல வையுங்கள்.

காதில் விழுவதைப் பிரிப்பது

1969-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டார்லி, ஆரன்சன், பிரவுன் மூவரும் 212 நோயாளிகளின் பேச்சை 38 கூறுகளில் கேட்டு மதிப்பிட்டார்கள். நோய் மூளையில் எங்கே இருக்கிறதோ அதற்கேற்பக் காதில் விழுவதும் மாறுகிறது என்று காட்டிய வேலை அது. இன்றும் நாம் அந்தப் பாதையில்தான் நடக்கிறோம்.

நரம்பு, மூளைக் கோளாற்றால் பேச்சுத் தசைகள் சரியாக இயங்காமல் வரும் இந்தக் குழறலுக்கு டிசார்த்ரியா என்று பெயர். அதில் தளர்ந்த வகையில் குரலில் காற்று கலக்கும், மூக்கொலி இருக்கும், வாக்கியம் துண்டு துண்டாகும். இறுகிய வகையில் குரல் நெரிபடும். பபப மெதுவாக, ஆனால் சீராக வரும். காரணமில்லாமல் அழுகையோ சிரிப்போ பீறிடவும் கூடும். அதைக் குடும்பத்துக்கு விளக்குங்கள், மனநோய் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். சிறுமூளை பாதித்தால் பபப சீரற்றுப் போகும், ஒரு தட்டு நீளம், ஒரு தட்டு குட்டை. பேச்சில் எல்லா அசையும் ஒரே கனத்தில் விழும். பார்கின்சனில் குரல் சன்னம், ஏற்ற இறக்கம் இல்லை, பபப ஓடி ஓடித் தேய்ந்துவிடும். நினையாத அசைவுகள் வரும் நோய்களில் குரல் திடீர் திடீரென மாறும். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் ஏ.எல்.எஸ். நோய் என்றால் தளர்ச்சியும் இறுக்கமும் கலந்திருக்கும். ஒரு பக்கப் பக்கவாதத்தில் வரும் லேசான குழறல் பெரும்பாலும் தானாகவே தேறும்.

அப்ராக்சியா இவற்றிலிருந்து தனி. தசையில் பலக்குறைவு இல்லாமலேயே, வாயை எப்படி வைப்பது என்ற திட்டம் குலைந்துபோகிறது. பபப நன்றாக வரும். மூன்றையும் சேர்த்தால் சிக்கும். உதடு தேடித் தடவும். பிழை தனக்கே தெரிந்து திரும்பத் திரும்ப முயல்வார். கிழமைகள், எண்கள், மனப்பாடமான தேவாரம் சரளமாக வரும். பேரன் பெயரைக் கேட்டால் நிற்கும். நான் வார்த்தையை நீட்டி நீட்டிப் பார்ப்பேன்: வா, வாழை, வாழைப்பழம், வாழைப்பழக்கடை. எங்கே உடைகிறதோ அங்கேதான் சிகிச்சை தொடங்கும். இடது மூளைப் பக்கவாதத்தில் இது பெரும்பாலும் அஃபேசியாவோடு, அதாவது மொழியே குலைந்துபோகும் கோளாறோடு, சேர்ந்தே வரும். சொல் தெரியவில்லையா, தெரிந்த சொல்லுக்கு வாய் வரவில்லையா என்பதைப் பிரிக்க எழுதச் சொல்லியோ படத்தைக் காட்டச் சொல்லியோ பாருங்கள்.

தமிழுக்கென்று கவனிக்க வேண்டியவை

நாம் படித்த அளவுகோல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை. தமிழில் பொருளை மாற்றுவது நெடிலும் இரட்டிப்பும்: கல், கால், பாடு, பாட்டு, படம், பட்டம். சிறுமூளை நோயாளிக்கு முதலில் போவதே இந்தக் கால அளவுதான். இப்படிப்பட்ட ஜோடிகளைச் சீட்டில் எழுதி, குலுக்கி எடுத்து, அவர் வாசிக்க வேறொருவர் கேட்டு எழுதட்டும். அந்த வேறொருவர் நீங்களாக இருக்கக் கூடாது, மனைவியாகவும் இருக்கக் கூடாது. பில் கவுன்ட்டர் பெண், பக்கத்து அறை அட்டெண்டர் யாராவது, பதிவைக் கேட்டு எழுதட்டும். நூற்றுக்கு எத்தனை சரி என்பதுதான் உங்கள் அடிப்படை எண். தெரபிஸ்டின் காது மூன்றாம் நாளே பழகிவிடும். அதை நம்பி முன்னேற்றம் எழுதுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

மூக்கொலியில் ஒரு எச்சரிக்கை. பேச்சுத் தமிழில் "மரம்", "வந்தேன்" போன்றவற்றின் முடிவு மூக்கு கலந்த உயிராகத்தான் ஒலிக்கும், அது எல்லோருக்கும் உண்டு. சோதிக்க மூக்கெழுத்தே இல்லாத வாக்கியம் வேண்டும்: "பாட்டி, கதவைத் தட்டு." மூக்கைப் பிடித்து ஒரு முறை, விட்டு ஒரு முறை சொல்ல வையுங்கள். வித்தியாசம் கேட்டால் காற்று மேலே கசிகிறது.

வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளக்காதீர்கள். "போகவேண்டியிருக்கிறது" நமக்கு ஒரே சொல். அசைகளை எண்ணுங்கள், அந்த மனிதரின் பழைய பதிவோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. தமிழ் வாக்கியத்தில் யார், எப்போது, ஆமா, இல்லையா எல்லாம் கடைசிச் சொல்லின் வாலில் இருக்கிறது. மூச்சு தீர்வதும் அங்கேதான். "நாளைக்குத் தென்காசிக்குப் போக..." வரை கேட்கும், போகணுமா, போகலையா, போக வேண்டாமா என்பது காற்றில் போய்விடும். வீட்டில் நடக்கும் சண்டைகளில் பாதி இதனால்தான்.

கடைசிப் பத்து நிமிடம்: மாற்றிப் பார்ப்பது

படிவம் முடிந்ததும் போய்வரச் சொல்லாதீர்கள். ஒரே வாக்கியத்தை வெவ்வேறு விதமாகச் சொல்ல வையுங்கள். சத்தமாக. மெதுவாக. நிமிர்ந்து உட்கார்ந்து. மூக்கைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் விரலால் தொட்டுக்கொண்டு. எது பேச்சைத் தெளிவாக்குகிறதோ அதுதான் சிகிச்சையின் தொடக்கம். இரண்டு விஷயம் உதவினால் எளியதை எடுங்கள். வயதானவருக்கு ஒரே கட்டளைதான் நினைவில் நிற்கும்.

சிகிச்சை

நாக்குப் பயிற்சியைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பேச்சுக்கு நாக்கின் முழு பலத்தில் சிறு பங்குதான் தேவை. தேவைப்படுவது வேகமும் துல்லியமும். வீணை கற்க வந்தவர் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தால் விரல் பலப்படும், ராகம் வராது. ஏ.எல்.எஸ்., மயஸ்தீனியாவில் பலப்பயிற்சி உள்ள தெம்பையும் கரைத்துவிடும். பேச்சைப் பேசித்தான் பழக வேண்டும்.

பார்கின்சனுக்கு "சத்தமா" என்ற ஒரே இலக்கு போதும். 1987-இல் லொரெய்ன் ராமிக்கும் கூட இருந்தவர்களும் உருவாக்கிய எல்.எஸ்.வி.டி. என்ற குரல் பயிற்சி முறையில் வாரம் 4 நாள், 4 வாரம், ஒரு மணி நேரமாக 16 அமர்வுகள். அந்தப் பெயரில் செய்ய வேண்டுமானால் அதற்கான பயிற்சிச் சான்று வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர் வாரம் நான்கு நாள் வர மாட்டார். அந்தக் கொள்கையை எடுத்து, வீட்டில் நடக்கும்படி அமைத்துக் கொடுக்கலாம். ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவரின் மனைவி, "இவுக பேசுறது அடுக்களைக்கே கேக்க மாட்டேங்கு" என்றார். அவர் தினமும் சொல்லும் வாக்கியங்களைப் பட்டியல் எடுத்தோம்: "பேப்பர் வந்துட்டா?", "காப்பி கொண்டா", "போன் அடிக்கு, எடு." நீண்ட "ஆ"வில் குரலை ஏற்றி, அதே குரலில் இந்த வாக்கியங்கள். அவருக்குத் தான் கத்துவதாகவே தோன்றும். பார்கின்சனில் தன் குரலின் அளவு தனக்குத் தெரியாமல் போவதுதான் கோளாறின் மையம். உடனே போனில் போட்டுக் காட்டினால், "இது சாதாரணமாத்தான இருக்கு" என்று அவரே சொல்வார். அந்தக் கணத்திலிருந்துதான் முன்னேற்றம். பயிற்சி மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நடக்கட்டும். குரல் ஏறாதவருக்கு ஆசிரியர்கள் இடுப்பில் கட்டும் மைக் ஸ்பீக்கர் போதும்.

இறுகிய, சீரற்ற பேச்சுக்கு வேகத்தைக் குறைத்து, மூச்சுக்கு ஏற்பத் துண்டாக்குங்கள்: "நாளைக்கு / தென்காசிக்கு / போகல." வால் தேய்கிறவருக்கு நான் வாக்கியத்தைத் திருப்பிவிடுவேன்: "போகல. தென்காசிக்கு. நாளைக்கு." பேச்சுத் தமிழில் இப்படிச் சொல்வது யாருக்கும் விநோதமில்லை, முக்கியமான செய்தி மூச்சு நிறைந்திருக்கும்போதே வெளியே வந்துவிடும். மெல்லண்ணம் மட்டும் பலமிழந்து மற்றவை நன்றாக இருந்தால், அதைத் தூக்கிப் பிடிக்கும் தகடு செய்ய முடியுமா என்று செயற்கைப்பல் நிபுணரிடம் கேளுங்கள்.

அப்ராக்சியாவுக்கு எதிரே உட்கார்ந்து, "என் வாயைப் பாருங்க, கேளுங்க, கூடவே சொல்லுங்க" என்று தொடங்குங்கள். 1973-இல் ரோசன்பெக் குழுவினர் வகுத்த எட்டுப் படிகள் இப்படித்தான் போகும்: சேர்ந்து சொல்வது, பிறகு நாம் ஒலியில்லாமல் வாயசைப்பது, பிறகு அவர் தனியே, கடைசிப் படிகளில் கேள்விக்குப் பதிலாக. சொற்கள் குறைவாக, திரும்பச் சொல்வது ஏராளமாக இருக்கட்டும். பேரன் பெயர், தண்ணி, வலிக்கு, பாத்ரூம் என்று அவருக்கு இன்றைக்கே வேண்டியவை. ஒரு சொல் பிடிபட்டதும் மற்றதோடு கலந்து கேளுங்கள். ஒவ்வொரு முறையும் "குட், குட்" என்று சொல்லாமல் இரண்டு விநாடி பொறுங்கள். தன் பிழையைத் தானே கேட்க அவருக்கு நேரம் வேண்டும்.

ஏ.எல்.எஸ். நோயாளியிடம் பேச்சு இருக்கும்போதே மாற்று வழியைத் தொடங்குங்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் வேகம் நிமிடத்துக்கு 125 சொல்லாக இறங்கும்போதே தயாராகச் சொல்வார்கள். நமக்கு அசைக் கணக்கில் தொடர்ச்சியான இறக்கம் தெரிந்தாலே போதும். அவர் குரலிலேயே பிள்ளைகளின் பெயர், "சாப்பிட்டியா", "பத்திரமா போ" எல்லாம் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தைத் தொட்டுக் காட்டும் முதலெழுத்துப் பலகைக்கு 247 எழுத்தும் வேண்டியதில்லை. தமிழ்ச் சொல் பெரும்பாலும் எந்த எழுத்தில் தொடங்குமோ அவை போதும்: உயிர் 12, க ச ஞ ட த ந ப ம ய ர ல வ, கூடவே ஜ ஸ ஹ. 27 கட்டம் ஒரு ஏ4 தாளில் பெரிதாக அடங்கும். "கூ" வேண்டுமானாலும் "கொ" வேண்டுமானாலும் க-வைத் தொட்டால் போதும். கேட்கிறவர் காதால் மீதியைப் பிடித்துக்கொள்வார். படிக்காதவருக்குப் படங்கள், ஆமா-இல்லைக்குக் கண்சிமிட்டல்.

வீட்டாருக்கு நான் எழுதிக் கொடுப்பது சுருக்கம்தான். டி.வி.யை அணையுங்கள். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். புரியாததைப் புரிந்தது போலத் தலையாட்டாதீர்கள், அது அவரைத் தனியாக்கிவிடும். கேட்ட பாதியைத் திருப்பிச் சொல்லி மீதியைக் கேளுங்கள்: "தென்காசிக்கு, சரி, யாரு போறா?"

பேச்சுக் குறைபாடு நிலைத்துவிட்டதென்று தெரிந்தால் காகித வேலையையும் நாமே தொடங்கி வைக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் பேச்சு-மொழிக் குறைபாடும் பார்கின்சனும் தனித்தனியே இருக்கின்றன. யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குச் சான்று தருவது அதற்கென நியமிக்கப்பட்ட மருத்துவ அதிகாரிகள். அவர்கள் கையில் போய்ச் சேரும் அறிக்கை நம்முடையது. "டிசார்த்ரியா, மிதமானது" என்று மட்டும் எழுதி அனுப்பாமல், முன்பின் தெரியாதவருக்கு நூற்றுக்கு எத்தனை சொல் புரிகிறது, போனில் பேச முடிகிறதா, கடையில் பொருள் கேட்டு வாங்க முடிகிறதா என்பதை எழுதிக் கையெழுத்திடுங்கள், உங்கள் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணோடு.